எல்.டி.எல். இறங்கிவிட்டது, கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா? ரத்தக்குழாய்க்குள் அது செய்யும் வேலை

வந்த கேள்வி இது. வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி ஓட்டும் 58 வயது அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று கோயம்புத்தூரில் சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில், இதயத்தின் இடது முன்பக்கக் குழாயில் 40 சதவீத அடைப்பு, கால்சியம் ஸ்கோர் (இதயக் குழாய்ச் சுவரில் சேர்ந்த சுண்ணாம்பின் அளவு) 110. அன்று முதல் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறார். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 148-லிருந்து 72-க்கு வந்துவிட்டது. ஆனால் சமீபத்தில் எடுத்த ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் 150. கெண்டைக்கால் வேறு வலிக்கிறது. "அதான் நார்மல் வந்துருச்சில்லீங்க, இன்னும் எதுக்குங்க மாத்திரை? கால்சியம் வேற ஏறியிருக்குது" என்று நிறுத்தப் பார்க்கிறார். மாத்திரை குழாயைச் சுத்தம் செய்கிறதா, கெடுக்கிறதா என்று மகன் கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம். கால்சியம் ஏறியது மாத்திரை தோற்றதற்கு அடையாளம் அல்ல. கால்வலியை மட்டும் சரியாகப் பார்க்க வேண்டும், அதற்கு மாத்திரை காரணமாக இல்லாமலே போகலாம். ஏன் என்பதற்குக் குழாய்ச் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடைப்பு என்றதும் குழாயின் உள்பக்கம் கொழுப்பு பூசினாற்போல ஒட்டியிருப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒட்டியிருந்தால் மாத்திரை கரைத்துவிடும், கரைந்ததும் வேலை முடிந்தது என்ற எண்ணம் அதிலிருந்து வருகிறது. உண்மையில் படிவு இருப்பது குழாய்ச் சுவரின் உள்ளே. ரத்தம் படும் பக்கத்தில் ஒற்றை அடுக்குச் செல்கள் விரித்திருக்கின்றன. இதை எண்டோதீலியம் என்பார்கள். குழாய் வளையும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலும் ரத்த ஓட்டம் சுழல்வதால் அந்த அடுக்கு முதலில் பலவீனப்படும். அங்கேதான் எல்.டி.எல். துகள்கள் சுவருக்குள் நுழைந்து தங்கும். ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 25 நானோமீட்டர், அவ்வளவு சின்னது. ரத்தத்தில் துகள் எவ்வளவு அதிகமோ, எத்தனை வருடம் அதிகமாக இருந்ததோ, அவ்வளவு உள்ளே போகும். தங்கியதை விழுங்க வெள்ளணுக்கள் வரும். விழுங்கி விழுங்கி வீங்கி அவையே செத்துக் குவியும். நடுவே கொழுப்பும் செத்த செல்களும் கூழாகச் சேர, மேலே நார்த்திசு மூடி போட்டுக்கொள்ளும். இதுதான் 'ப்ளேக்' எனப்படும் படிவு.

இது பழுக்கும் கட்டி மாதிரி. உள்ளே கூழ் கூடக் கூட மேல் தோல் மெலிந்து ஒரு நாள் உடையும். மூடி 65 மைக்ரோமீட்டருக்கும் மெலிந்துவிட்டால் ஆபத்தான படிவு என்று கணக்கு. உடைந்த இடத்தில் ரத்தம் பட்டதும் நிமிடங்களில் உறைகட்டி உருவாகிக் குழாயை முழுக்க அடைக்கும். பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. அதனால்தான் 40 சதவீத அடைப்பு உள்ளவர் ஒரு நாள் திடீரென்று விழுவதும், 80 சதவீத அடைப்போடு இன்னொருவர் வருடக்கணக்கில் நடமாடுவதும் நடக்கிறது. படிவு வளரும்போது குழாய் வெளிப்பக்கமாக விரிந்துகொடுக்கும் என்பதால் ஆரம்பத்தில் ரத்தம் போகும் வழி குறுகவே குறுகாது. குழாய் விட்டுச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோவில் தெரிவது அந்த வழி மட்டும்தான். எத்தனை சதவீத அடைப்பு என்ற எண்ணை விட, உள்ளே கூழ் எவ்வளவு, மூடி எவ்வளவு தடிப்பு என்பதே உயிர் விஷயம்.

மாத்திரை வேலை செய்யும் முதல் இடம் குழாய் அல்ல, கல்லீரல். கொலஸ்ட்ரால் தயாரிக்க உடல் பயன்படுத்தும் ஹெச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ் என்ற நொதியை, அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் தடுக்கின்றன. கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்ததும், ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள அது தன் மேற்பரப்பில் எல்.டி.எல். வாங்கிகளைக் கூடுதலாக நிறுத்துகிறது. துகள்கள் ரத்தத்திலிருந்து வெளியேறுகின்றன. இந்த வாங்கிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் கோல்ட்ஸ்டீன், பிரவுன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நொதியைத் தடுக்கும் முதல் பொருளை 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்த பிறகு, அரிசியில் படர்ந்திருந்த பெனிசிலியம் பூஞ்சை ஒன்றில் அது இருந்தது. 2024-இல் அவர் காலமானார்; இத்தனை கோடிப் பேரின் உயிரைக் காத்தவரை நம் ஊரில் இன்னும் பலருக்குத் தெரியாது.

குழாய்க்குள் மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் மாறுவது எண்டோதீலியம். ஆரோக்கியமான எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். எல்.டி.எல். அதிகமானால் இந்தச் சுரப்பு குறையும். ஸ்டாட்டின் தொடங்கிய சில வாரங்களிலேயே இது மேம்படுவதைக் கையில் கஃப் கட்டி அல்ட்ராசவுண்டில் குழாய் விரிவதை அளந்தே பார்க்க முடியும். அடுத்து அழற்சி தணியும், சி.ஆர்.பி. என்ற அளவு இறங்கும். பிறகு, மாதங்கள் கடந்து வருடக்கணக்கில், கூழ் குறையும், மூடி தடிக்கும், படிவு கெட்டிப்படும். கட்டி ஆறித் தழும்பாகிறது. தழும்பு அங்கேயேதான் இருக்கும், ஆனால் உடையாது.

இதைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 2006-இல் வெளிவந்த 'ஆஸ்டிராய்ட்' ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் 40 மி.கி. இரண்டு வருடம் கொடுத்து, குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் செலுத்திப் படிவை அளந்தார்கள். எல்.டி.எல். 130-லிருந்து 61 அளவுக்கு இறங்கியது. படிவு அடைத்திருந்த பங்கு எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி. அவ்வளவுதான். அடைப்பைக் கரைப்பதே மாத்திரையின் வேலை என்றால் இது தோல்வி. ஆனால் இதே ரக மாத்திரைகள் மாரடைப்பை எவ்வளவு குறைக்கின்றன என்று பாருங்கள். 1994-இல் வந்த '4எஸ்' ஆய்வில் 4,444 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, சிம்வாஸ்டாட்டின் பக்கம் மொத்த மரணமே 30 சதவீதம் குறைந்தது. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கின்படி, எல்.டி.எல். சுமார் 39 மி.கி. இறங்கும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம், குழாய்ச் சிகிச்சை தேவைப்படுவது எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. அப்பாவுக்கு இறங்கியது 76. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவரைப் போன்ற 100 பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு வரவிருந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 60 பேருக்குத்தான் வரும். முதல் வருடத்தில் இந்தப் பலன் குறைவு, தொடர்ந்து சாப்பிடச் சாப்பிடக் கூடும். படிவின் அளவு அசையாமலே ஆபத்து இவ்வளவு குறைகிறதென்றால், மாறியது படிவின் தன்மை.

எல்.டி.எல்.-ஐக் குறைப்பதைத் தாண்டி ஸ்டாட்டினுக்குக் குழாயில் தனி நன்மை உண்டா என்று நீண்ட நாள் விவாதம் நடக்கிறது. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட விளைவுகள் தெரிவது நிஜம். என் கருத்தில், நோயாளிக்குக் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு எல்.டி.எல். இறங்குவதால்தான். வேறு வழியில் வேலை செய்யும் கொழுப்பு மருந்துகளான எசெட்டிமைப் மாத்திரை, பி.சி.எஸ்.கே.9 ஊசி இரண்டும் எவ்வளவு எல்.டி.எல்.-ஐ இறக்குகின்றனவோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கே பலன் தருகின்றன என்பது அதற்குச் சான்று.

இனி கால்சியம். படிவு கெட்டிப்படும்போது அதில் சுண்ணாம்பு சேர்வது ஆறுவதின் ஒரு பகுதி. 2018-இல் வெளியான 'பாரடைம்' ஆய்வில் 1,255 பேருக்கு இரண்டு முறை சி.டி. ஆஞ்சியோ எடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களின் படிவு மொத்தத்தில் மெதுவாகத்தான் வளர்ந்தது. சுண்ணாம்பு சேர்ந்த பகுதி மட்டும் வேகமாகக் கூடியது. ஆபத்தான மென்படிவு புதிதாக உருவாவது குறைந்தது. ஆகவே 110 என்பது 150 ஆனதை வைத்து நோய் முற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. கால்சியம் ஸ்கோர் என்பது மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் சோதனை. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் இல்லை. கையில் பணமும் போய், மனசில் பயமும் சேரும். சுண்ணாம்பு என்றதும் பால், வெற்றிலைச் சுண்ணாம்பு என்று சந்தேகப்படவும் வேண்டாம். குழாயில் சேர்வதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

"நார்மல் வந்துவிட்டதே" என்ற வாதத்துக்கு வருவோம். 72 என்பது அப்பாவின் எண் அல்ல, மாத்திரையோடு சேர்ந்த அப்பாவின் எண். நிறுத்தினால் சில வாரங்களிலேயே 148-க்கு அருகில் திரும்பிப் போகும். லேப் ரிப்போர்ட்டில் 'இயல்பு: 130-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருப்பது எல்லோருக்கும் பொதுவானது, குழாயில் படிவு இருப்பவருக்கு அந்த வரி பொருந்தாது. இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆபத்து குறைந்தவர்களுக்கே இலக்கு 100-க்குக் கீழ். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை உள்ள அதிக ஆபத்துக்காரர்களுக்கு 70-க்குக் கீழ். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் அடங்கிய மிக அதிக ஆபத்துப் பிரிவுக்கு 55-க்குக் கீழ். அப்பாவின் 72 வாசல் வரை வந்திருக்கிறது, உள்ளே வரவில்லை. இவ்வளவு கண்டிப்பு நமக்கு எதற்கு என்றால், 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் கணக்கில் முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதிலும் மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்திருக்கிறது.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல லேப்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். மொத்தம் 150, ஹெச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 180 என்றால் 150 − 42 − 36 = 72. நோம்பி, கெடாவெட்டு முடிந்த மறுநாள் போய் ரத்தம் கொடுத்தால் ட்ரைகிளிசரைடு ஏறி இந்தக் கணக்கு தப்பும். 400-ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது. சர்க்கரைக்காரர்களுக்கு மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்து வரும் எண்தான் நம்பகமானது. மேலே சொன்ன உதாரணத்தில் 108. இது 100-க்குக் கீழ் வர வேண்டும். இதற்கு வெறும் வயிறும் வேண்டியதில்லை. மாத்திரை தொடங்கினாலோ அளவு மாற்றினாலோ 6 முதல் 8 வாரத்தில் ஒரு சோதனை, பிறகு 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை போதும். லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற சோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது எடுத்துவிடுவது நல்லது. அது பரம்பரையாக வருவது, ஸ்டாட்டினுக்கு இறங்காது. அதிகம் என்று தெரிந்தால் எல்.டி.எல்.-ஐ இன்னும் அழுத்தி வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.

72-ஐ இன்னும் இறக்க அளவை 80 ஆக்கலாமா? ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீத இறக்கம்தான். பக்கவிளைவோ அதைவிடக் கூடும். இங்கே எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பதே புத்திசாலித்தனம். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. மேலும் 20 சதவீதம் அளவுக்கு இறக்கும், அப்பாவுக்கு 57 பக்கம் வரலாம். 2015-இல் வெளியான 'இம்ப்ரூவ்-இட்' ஆய்வில் 18,144 பேரிடம் இதன் பலன் நிரூபணமானது. அதிலும் போதவில்லை என்றால் பெம்பெடோயிக் அமிலம் (யூரிக் அமிலமும் பித்தக்கல்லும் கூடலாம், கீல்வாதம் உள்ளவர்கள் கவனம்), அல்லது பி.சி.எஸ்.கே.9 வகை ஊசிகள். ஊசி எல்.டி.எல்.-ஐப் பாதிக்கும் கீழே கொண்டுவரும், ஆனால் விலை இன்னும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை.

எண்ணை மாற்றும் எல்லா மருந்தும் குழாயைக் காப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'நல்ல கொழுப்பை' ஏற்றுகிறேன் என்று நியாசின் கொடுத்த பெரிய ஆய்வுகள் இரண்டும், 2011-லும் 2014-லும், பலன் காட்டவில்லை. ட்ரைகிளிசரைடை நன்றாகவே இறக்கிய பெமாஃபைப்ரேட் (ஃபைப்ரேட் ரக மருந்து) 2022-இல் அதேபோலத் தோற்றது. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சியைத் தடுக்க ஃபைப்ரேட் தேவைப்படும். ஸ்டாட்டினுக்கு மாற்றாக அதைச் சாப்பிட முடியாது.

கால்வலி விஷயத்தில் அவசரப்பட்டு மாத்திரை மேல் பழி போட்டால் பெரிய நோய் ஒன்றைத் தவறவிடலாம். முதலில் அப்பாவிடம் கேளுங்கள்: வலி எப்போது? நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி, நின்றால் சில நிமிடத்தில் விட்டுப்போய், திரும்ப அதே தூரம் நடந்ததும் வருகிறதா? அப்படியானால் அது காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு. சர்க்கரைக்காரருக்கும் புகைப்பவருக்கும் சகஜம். அவருக்கு ஸ்டாட்டின் முன்பைவிட அதிகம் தேவை. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து வகுத்துப் பார்க்கும் சோதனை உண்டு, 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு உறுதி. சர்க்கரைக்காரருக்குக் குழாய் சுண்ணாம்பாகி 1.40-க்கு மேல் காட்டினால் கால் விரலில் அளக்க வேண்டும். ராத்திரி எரிச்சல், மரத்துப்போதல் என்றால் நரம்பு. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறைந்தும் இது வரும். தறிக்கு முன்னால் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பொழுதோட கால் கனத்தால் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்டாட்டினால் வரும் தசைவலி வேறு மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே போல, தொடை, தோள், முதுகு போன்ற பெரிய தசைகளில், மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வரும். நிறுத்தினால் சில வாரங்களில் போகும். இரண்டு வருடம் தொந்தரவில்லாமல் சாப்பிட்டவருக்கு இப்போது புதிதாக வருவது அபூர்வம், இடையில் வேறு மருந்து சேர்ந்திருந்தால் ஒழிய. 2022-இல் வந்த தொகுப்புக் கணக்கில், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேரும் தசைவலி சொன்னார்கள். வித்தியாசம் அரை சதவீதம். 2020-இல் நடந்த இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவு. பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த உபாதையின் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி நிஜம், காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை.

ஆனாலும் சோதித்துவிடுவது நல்லது. சி.கே. என்ற தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி மூன்றும் பாருங்கள். தைராய்டு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசைவலியும் வரும். சி.கே.-வுக்கு ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் பாவு தூக்குவது, மூட்டை தூக்குவது வேண்டாம். உடல் உழைப்பே அதை ஏற்றிவிடும். இயல்பு எல்லையைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்துவார்கள். அதற்குக் கீழே என்றால் மருத்துவர் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. போன்ற சின்ன அளவில் மீண்டும் தொடங்கலாம். அது உடலில் நெடுநேரம் நிற்பதால் ஒன்றுவிட்ட ஒரு நாள் சாப்பிட்டாலும் பலன் தரும். நம் போன்ற ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் கூடுதலாக ஏறும் என்பதால் 5 மி.கி.-யில் தொடங்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறி ஒன்று: தசை கடும் வலியோடு பலமிழந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் இன்னொரு மருந்து கூட்டுச் சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டு நம் பக்கம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்திலும் சாயப்பட்டறையிலும் வியர்வையில் நிற்பவர்களுக்குப் படர்தாமரை தீராத தொல்லை. அதற்கு இட்ராகொனசோல் மாத்திரையை வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அட்டோர்வாஸ்டாட்டினை உடைக்கும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிடும். ரத்தத்தில் ஸ்டாட்டின் பல மடங்கு ஏறும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட நேர்ந்தால் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது. சளி, நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் இதே ரகம். அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் குறைவு. தோல் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் "கொழுப்பு மாத்திரை சாப்பிடறனுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பம்பளிமாஸ் பழத்துக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்த நொதித் தொல்லை இல்லை, ஆனால் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தோடு சேர்த்தால் சரியாக உறிஞ்சப்படாது; மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஜெல்லைக் குடியுங்கள்.

கூட்டு மாத்திரைகளில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அவற்றோடு ரோசுவாஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்சூலில் எழுதுவார்கள். ஊர் டாக்டரோ பழைய சீட்டைப் பார்த்து அட்டோர்வாஸ்டாட்டினைத் தொடர்வார். கம்பெனிப் பெயர் வேறு என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது, இரண்டு ஸ்டாட்டின் ஒன்றாகப் போகும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். 'ஸ்டாட்டின்' என்று முடியும் பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: 10 மி.கி. அட்டையாகக் கிடைத்தால், 40 எழுதிய சீட்டுக்கு நான்கு மாத்திரை. ஒன்றைப் போட்டுவிட்டு "சாப்பிடறேனே" என்று இருந்தால் இறக்கம் போதாது. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நாளில் எந்த நேரமும் சாப்பிடலாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சரிதான். நைட் ஷிப்ட் போகிறவர்கள் மறக்காத ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளட்டும். சிம்வாஸ்டாட்டின் மட்டும் ராத்திரியில். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம். வீட்டில் பெண்கள் யாராவது ஸ்டாட்டின் சாப்பிட்டால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

சர்க்கரை கூடுமா என்றால், கொஞ்சம் கூடும். 2010-இல் வந்த தொகுப்பில் 255 பேர் நான்கு வருடம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வந்ததாகக் கணக்கு. ஏற்கெனவே எல்லையில் நின்றவர்களுக்குத்தான் பெரும்பாலும். அப்பாவுக்கு ஏற்கெனவே இருப்பதால் மூன்று மாதச் சராசரி சற்று நகரலாம், மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம். அதற்காகக் குழாய்ப் பாதுகாப்பைக் கைவிடுவது நஷ்டக் கணக்கு. கல்லீரல் நொதி எல்லையைப் போல் மூன்று மடங்கு வரை ஏறினாலும் பொதுவாக நிறுத்துவதில்லை, திரும்பச் சோதிப்பார்கள். கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர்களும் சாப்பிடலாம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி மாத்திரையை விட்டுக் கொள்ளு ரசத்துக்கு மாறுகிறவர்கள் உண்டு. கொள்ளு நல்ல பயறு, நாரும் புரதமும் உள்ளது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொள்ளுப்பருப்பு கடைந்து அரிசிச் சோற்றைக் குறைத்தால் நிச்சயம் நல்லது. ஆனால் கரையும் நார் நிறையச் சாப்பிட்டாலும் எல்.டி.எல். 5 சதவீதம், மிஞ்சிப்போனால் 10 சதவீதம் இறங்கும். 148-ஐ 72 ஆக்கும் சக்தி எந்தச் சமையலறையிலும் இல்லை. எண்ணெயில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு, பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செக்கில் ஆட்டினாலும் இந்த விகிதம் மாறாது. பொள்ளாச்சிப் பக்கத் தேங்காய் எண்ணெய்ச் சமையலையும் ரேஷன் பாமாயிலையும் குறைத்து, கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் வைத்தால் போதும். தினமும் டீயோடு பேக்கரி பப்ஸ், தேங்காய் பன் சாப்பிடும் பழக்கத்தை விடுவது முட்டையை விடுவதைவிட முக்கியம். பீடி சிகரெட் இருந்தால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். எண்டோதீலியத்தை ஒவ்வொரு இழுப்பும் நேராகத் தாக்குகிறது.

"ஸ்டென்ட் வைத்துவிட்டால் மாத்திரை வேண்டாமில்லையா" என்று அடுத்த கேள்வி வரும். ஸ்டென்ட் ஓரிடத்தில் வழியைத் திறக்கும். மற்ற இடங்களில் இருக்கும் மென்படிவை அது தொடாது. நிலையாக இருக்கும் நெஞ்சுவலிக்காரர்களிடம் 2007-லும் 2020-லும் நடந்த பெரிய ஆய்வுகளில், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்ட் சேர்த்ததால் உயிரிழப்பு குறையவில்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், அது வேறு விஷயம். வைத்தவர்களுக்கும் ஸ்டாட்டின் தொடர வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: மாத்திரையை நிறுத்தாமல், அடுத்த முறை மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கணுக்கால் அழுத்தச் சோதனை, சி.கே., தைராய்டு, பி12 கேளுங்கள். எசெட்டிமைப் சேர்க்கலாமா என்று கேளுங்கள். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வெள்ளகோவிலிலிருந்து திருப்பூரோ கோயம்புத்தூரோ போய்ச் சேரும் வரை குழாயில் உறைகட்டி பெருகாமல் இருக்க அந்த முதல் தவணை உதவும்.